துப்புரவுக் கருவியும் துயருற்ற சிறுவரும்

"கந்தையானாலும் கசக்கிக் கட்டு, கூழானாலும் குளித்துக் குடி" என்பது தமிழர் வாழ்வோடு ஒன்றிப்போன முதுமொழி. உடுக்கும் உடையும் உண்ணும் உணவும் எளியனவாக இருக்கலாம். தூய்மையற்றனவாக இருத்தல் ஆகாது என்பதே அதன் கருத்து. வாசல் தெளிப்பதும், வீடு கூட்டுவதும், ஒட்டடை அடிப்பதும் நம் இல்லங்களில் வழிவழியாக நடைபெற்றுவரும் கடமைகள்.

இக்கடமைகளைச் செய்வோர் அனைவரும் அறிந்த உண்மை ஒன்று உண்டு. கூடத்தின் நடுவைக் கூட்டுவது எளிது. துடைப்பத்தை நான்கு முறை வீசினால் வேலை முடிந்துவிடும். ஆயின், அலமாரிக்கும் சுவருக்கும் இடையே விரற்கடை அளவில் கிடக்கும் சந்தையும், கூரையின் மூலையையும், நாற்காலி மெத்தையின் மடிப்பையும் தூய்மை செய்வது எளிதன்று. கை நுழையாத இடத்தையே தூசு தன் உறைவிடமாக்கிக் கொள்கிறது.

இக்காலத்தில் கடைகளில் விற்கப்படும் மின்சாரத் தூசு உறிஞ்சியோடு சில துணைக் கருவிகளும் சேர்த்துத் தரப்படுகின்றன. கம்பளத்திற்கென ஓர் அகன்ற வாய், புத்தக அடுக்குகளுக்கென மயிர் வைத்த ஒரு சிறு வாய், இடுக்குகளுக்கெனத் தட்டையாக ஒடுங்கி நீண்ட ஒரு முனை என அவை பலவகைப்படும். இவற்றுள் கடைசியாகக் கூறிய ஒடுங்கிய முனையைப் பலர் பெட்டியிலிருந்து வெளியே எடுப்பதுகூட இல்லை. காண்பதற்கு அது ஒரு சிறு பொருள். ஆனால், குறுகிய இடத்தைத் தூய்மை செய்ய மனிதன் எதனை அனுப்பினான் என்ற கேள்வியை எழுப்பினால், அச்சிறு பொருளுக்குப் பின்னே இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு நிற்பதைக் காணலாம். அவ்வரலாற்றில் அறிஞரும் மருத்துவரும் சட்டமியற்றுவோரும் உள்ளனர். தொடக்கப் பள்ளியில் அமர்ந்து எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டிய அகவையினரான சிறுவர்களும் உள்ளனர்.

ஊதலும் உறிஞ்சலும்

வரலாற்றுக்குள் நுழையுமுன் அறிவியல் உண்மை ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். எரியும் மெழுகுவத்தியை ஒரு முழத் தொலைவிலிருந்து ஊதி அணைத்துவிடலாம். அதே தொலைவில் நின்றுகொண்டு, காற்றை வாயால் உள்ளிழுத்து அதனை அணைக்க எவராலும் இயலாது. வகுப்பறையில் எந்த மாணவனும் செய்து பார்க்கக்கூடிய சோதனை இது.

ஊதும்போது காற்று ஒரே திசையில், ஓர் அம்பினைப் போல, நெடுந்தொலைவு பாய்கிறது. உறிஞ்சும்போதோ வாயைச் சூழ்ந்துள்ள எல்லாத் திசைகளிலிருந்தும் காற்று சிறிது சிறிதாக வந்து சேர்கிறது. ஆகையால் உறிஞ்சும் வாயிலிருந்து சற்று விலகினாலும் காற்றின் வேகம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஒரு குழாயின் வாய் இரண்டு அங்குல விட்டம் உடையதாயின், அதிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளியுள்ள இடத்தில் காற்றின் வேகம் வாயில் உள்ளதைப்போல் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே இருக்கும். ஊதும் குழாயிலோ, விட்டத்தைப்போல் முப்பது மடங்கு தொலைவு சென்ற பின்னரே வேகம் அந்த அளவுக்குக் குறையும்.

இதனால் பெறப்படுவது யாது? தூசை உறிஞ்ச வேண்டுமாயின், உறிஞ்சும் வாய் தூசின் அருகே செல்ல வேண்டும். அகன்ற வாய் இடுக்கினுள் நுழையாது. எனவே ஒடுங்கிய முனை தேவைப்படுகிறது. தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் நீர் விரைந்து பீறிடுவதுபோல, ஒடுங்கிய முனையில் காற்றும் விரைந்து பாய்கிறது. அவ்விரைவே இடுக்கில் படிந்த தூசைப் பெயர்த்து எடுக்கிறது.

சுருங்கக் கூறின், குறுகிய இடத்தைத் தூய்மை செய்ய ஏதேனும் ஒன்று அவ்விடத்திற்குள் சென்றே ஆக வேண்டும். எது செல்வது? கோலா, குழாயா, அல்லது ஓர் உயிருள்ள உடலா? பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்து இவ்வினாவிற்கு அளித்த விடை கொடுமையானது.

புகைபோக்கிகளின் நகரம்

இங்கிலாந்து குளிர் மிகுந்த நாடு. குளிர்காலத்தில் ஒவ்வோர் அறையிலும் கணப்பு எரிந்தாக வேண்டும். முற்காலத்தில் விறகு எரித்தனர். அதற்கேற்ப அகன்ற புகைபோக்கிகளை அமைத்தனர். காடுகள் அருகி விறகின் விலை ஏறவே, மக்கள் நிலக்கரியை நாடினர். நிலக்கரி நன்கு எரியக் காற்று மேல்நோக்கி விரைந்து இழுக்கப்பட வேண்டும். குறுகிய புகைவழியே அவ்விழுப்பை நன்கு தரும். 1666 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகர் பெருந்தீக்கு இரையான பின்னர், நகரம் செங்கல்லாலும் கல்லாலும் மீண்டும் எழுப்பப்பட்டது. பல மாடிகளும், மாடிதோறும் பல கணப்புகளும் கொண்ட வீடுகள் பெருகின. ஒவ்வொரு கணப்பிலிருந்தும் ஒரு புகைவழி, சுவரினுள்ளே வளைந்தும் நெளிந்தும் கூரைக்கு ஏறியது.

அப்புகைவழிகளின் அளவு என்ன? 14 அங்குலத்துக்கு 9 அங்குலம் என்பது பொதுவாகக் காணப்பட்ட அளவு. பள்ளிகளில் முன்பு வழங்கிய ஃபுல்ஸ்கேப் தாள் ஒன்றை மேசைமேல் வைத்துப் பார்த்தால் அவ்வழியின் வாய் எவ்வளவு என்பது விளங்கும். 9 அங்குலச் சதுரமாக அமைந்தவையும் இருந்தன.

நிலக்கரிப் புகை சுவர்களில் கரியாகப் படியும். அதனை அகற்றாவிடில் புகை வீட்டினுள்ளே திரும்பும். ஒருநாள் அக்கரியே தீப்பற்றி வீட்டை எரிக்கும். ஆகவே புகைபோக்கியைத் துடைப்பது உயிர்காக்கும் வேலையாயிற்று. வளர்ந்த மனிதன் அவ்வழியில் நுழைய முடியாது. நீண்ட கோல் வளைவுகளில் திரும்பாது. எனவே, சிறுவரை உள்ளே ஏற்றினர்.

ஏறும் சிறுவர்

ஐந்து, ஆறு அகவையிலேயே சிறுவர் இத்தொழிலில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் ஏழைகளின் பிள்ளைகள். பெற்றோர் அற்றவர்களும் பலர். துப்புரவுத் தொழிலை நடத்திய முதலாளியிடம் தொழில் பழகுவதற்கென்று அவர்கள் ஒப்படைக்கப்பட்டனர். ஒப்பந்தம் பெரும்பாலும் ஏழாண்டுகள் நீடிக்கும். ஆங்கிலேயர் இவர்களை ‘ஏறும் சிறுவர்’ என்றே அழைத்தனர்.

சிறுவன் தலைக்கு மேல் ஒரு கையைத் தூக்கித் தூரிகையைப் பிடித்துக்கொள்வான். முதுகையும் முழங்கால்களையும் முழங்கைகளையும் சுவரில் அழுத்தி, புழுவைப்போல் அங்குலம் அங்குலமாக ஏறுவான். கரி அவன் முகத்தின்மேல் கொட்டும். கண்ணும் மூச்சும் அடைபடும். முழங்கால் நழுவி முகவாயோடு சேர்ந்துகொண்டால், ஏறவும் இயலாது, இறங்கவும் இயலாது. அவ்வாறு சிக்கி மூச்சடைத்து மாண்டவர் பலர். தொடக்கத்தில் முழங்கால்களும் முழங்கைகளும் உரிந்து குருதி கசியும். அவற்றின்மீது கடும் உப்புநீரைத் தேய்த்து, நெருப்பின் அருகே நிறுத்தித் தோலைக் காய்ப்பேறச் செய்வது அத்தொழிலில் வழக்கமாக இருந்தது. பகலில் கரி அள்ளிய கோணிப் பையே இரவில் அவர்களுக்குப் பாயும் போர்வையுமாயிற்று.

1775 ஆம் ஆண்டில், இலண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் ஓர் உண்மையை வெளியிட்டார். புகைபோக்கித் துப்புரவாளரிடையே, விதைப்பையின் தோலில் ஒரு கொடிய புண் மிகுதியாகத் தோன்றுவதை அவர் கண்டார். அது புற்றுநோய் என்றும், தோல் மடிப்புகளில் தங்கிய கரியே அதற்குக் காரணம் என்றும் அவர் எடுத்துரைத்தார். குழந்தைப் பருவத்தில் படிந்த கரி, அவர்கள் இளைஞராய் வளர்ந்த பின் நோயாய் வெளிப்பட்டது. ஒரு தொழிலுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை மருத்துவ உலகம் முதன்முதலாக அறிந்தது இதன்வழியே எனலாம். 1915 ஆம் ஆண்டில் சப்பானிய அறிஞர் யாமகிவாவும் இச்சிகாவாவும் முயல்களின் காதில் நிலக்கரித் தாரைத் தொடர்ந்து தடவிப் புற்றுநோய் தோன்றச் செய்து காட்டினர். பாட் கூறியதற்கு ஆய்வுச் சான்று கிடைக்க நூற்று நாற்பது ஆண்டுகள் ஆயின.

இரக்கம் கொண்டோர் அக்காலத்தில் இல்லாமற் போகவில்லை. எலிசபெத் மாண்டகு என்னும் செல்வச் சீமாட்டி ஆண்டுதோறும் மே முதல் நாளன்று ஏறும் சிறுவரைத் தம் மாளிகைக்கு அழைத்து விருந்தளித்து வந்தார். 1800 இல் அவர் மறையும்வரை அவ்வழக்கம் தொடர்ந்தது. அன்று ஒருநாள் அச்சிறுவர் வயிறார உண்டனர். மறுநாள் விடியற்காலையில் மீண்டும் புகைபோக்கியில் ஏறினர். ஈகை பசியைத் தணித்தது. ஏறும் வேலையை அது நிறுத்தவில்லை.

ஜோனஸ் ஹான்வே என்னும் வணிகர் இக்கொடுமையை எதிர்த்து 1773 முதல் நூல்கள் எழுதினார். அவர் 1786 இல் மறைந்தார். அவருடைய முயற்சி 1788 ஆம் ஆண்டில் ஒரு சட்டமாகக் கனிந்தது. எட்டு அகவைக்குக் குறைந்த சிறுவரைச் சேர்க்கலாகாது. ஒரு முதலாளி ஆறு சிறுவருக்கு மேல் வைத்துக்கொள்ளலாகாது என அச்சட்டம் விதித்தது. துப்புரவுத் தொழில் செய்வோர் உரிமம் பெற்றாக வேண்டும் என்ற விதியும் முதலில் அதில் இருந்தது. பிரபுக்கள் சபை அதனை நீக்கிவிட்டது. உரிமம் இன்மையால் யார் எத்தனை சிறுவரை வைத்துள்ளனர் என்று பார்ப்பார் எவரும் இலர். சட்டம் ஏட்டில் நின்றது. நீக்கப்பட்ட அந்த ஒரு விதியை மாணவர் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். இவ்வரலாற்றின் இறுதியில் அது மீண்டும் தலைகாட்டும்.

கருவி பிறந்தது

1803 ஆம் ஆண்டில் இலண்டனில் ஒரு சங்கம் தோன்றியது. ஏறும் சிறுவருக்குத் தேவையே இல்லாதபடி செய்வது அதன் நோக்கம். அந்நோக்கம் அச்சங்கத்தின் பெயரிலேயே அமைந்திருந்தது. சிறுவருக்குப் பதிலாகப் புகைவழியில் ஏறக்கூடிய கருவியைக் கண்டுபிடிப்போருக்குப் பரிசு தரப்படும் என அது அறிவித்தது.

ஜார்ஜ் ஸ்மார்ட் என்பவர் அத்தகைய கருவியை உருவாக்கினார். அவரது அமைப்பு எளியது. ஆனால் நுட்பம் வாய்ந்தது. உள்ளே துளையுள்ள மரக்குழல்கள் பலவற்றை ஒரு கயிற்றில் மணிகளைப்போல் கோத்தார். உச்சியில் ஒரு தூரிகையைப் பொருத்தினார். ஒவ்வொரு குழலாகச் சேர்த்து மேலே தள்ளிய பின் கயிற்றை இறுக்கினால், தனித்தனியாக இருந்த குழல்கள் ஒரே கோலைப்போல் நிமிர்ந்து நிற்கும். குடையைப்போல் விரியும் தூரிகை, கீழே இழுக்கும்போது சுவரை வழித்துக் கரியைக் கொண்டுவரும். கயிற்றைத் தளர்த்தினால் குழல்கள் மீண்டும் மடங்கும். இதற்கு ‘ஸ்கண்டிஸ்கோப்’ எனப் பெயரிட்டனர்.

1828 ஆம் ஆண்டில் ஜோசப் கிளாஸ் என்பவர் இதனினும் சிறந்த கருவியைச் செய்தார். வளையும் தன்மையுள்ள பிரம்புகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து, முனையில் வட்டத் தூரிகை ஒன்றை அவர் பொருத்தினார். பிரம்பு வளையும், ஆனால் எளிதில் முறியாது. ஆகையால் புகைவழியின் திருப்பங்களில் அது திரும்பிச் சென்றது. நம் வீடுகளில் ஒட்டடைக் கம்பு செய்யும் வேலையை, நெளிந்து செல்லும் நெடுவழியில் செய்யும் கருவி என இதனைக் கூறலாம். இன்றும் புகைபோக்கித் துப்புரவாளர் கையாளும் கோலும் தூரிகையும் கிளாஸ் செய்த கருவியின் வழிவந்தவையே. இன்றைய தூசு உறிஞ்சியில் குழலோடு குழல் சேர்த்து நீட்டி, அதன் நுனியில் வேண்டிய முனையைச் செருகும் முறையும் இதனை ஒத்ததே.

இவற்றுக்கு முன்னரே மாற்று வழி அறியப்படாமல் இல்லை. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில், கூரையின் மேலிருந்து கயிற்றில் கட்டிய எடையையும் தூரிகையையும் புகைவழியில் இறக்கி, வளர்ந்த ஆடவரே அதனைத் துப்புரவு செய்து வந்தனர்.

கருவி இருந்தும் விடுதலை இல்லை

கருவி பிறந்தவுடன் சிறுவர் விடுதலை பெற்றனர் என்று எழுத முடியுமானால் இவ்வரலாறு இனிதே முடிந்திருக்கும். ஆனால் நிகழ்ந்தது அதுவன்று.

1817 இல் காமன்ஸ் சபையின் குழு ஒன்று இத்தொழிலை ஆராய்ந்தது. சிறுவர், முதலாளிகள், மருத்துவர் எனப் பலரும் அதன்முன் சாட்சி கூறினர். மிகப் பெரும்பாலான புகைபோக்கிகளைக் கருவியாலேயே துப்புரவு செய்ய இயலும் என்பது தெளிவாயிற்று. எஞ்சிய சிலவற்றின் கோணத் திருப்பங்களில் ஒரு சிறு இரும்புக் கதவு வைத்தால் போதும். அச்சிறு செலவைச் செய்யப் பல வீட்டுக்காரர் விரும்பவில்லை. கருவியைப் பயன்படுத்தினால் கரி சிதறி விலையுயர்ந்த கம்பளம் பாழாகும் என்றனர். மூலைகளில் கரி தங்கித் தீப்பிடிக்கும் என்றனர். ‘சிறுவன் ஏறினால்தான் சுத்தமாக இருக்கும்’ என்று பலர் உறுதியாக நம்பினர். முதலாளிகளுக்கோ கருவி வாங்கும் செலவைவிடச் சிறுவனை வைத்துக்கொள்ளும் செலவு குறைவாக இருந்தது.

சிறுவர் ஏறுவதைத் தடைசெய்யும் மசோதா 1819 இல் பிரபுக்கள் சபைக்கு வந்தது. அங்கு லாடர்டேல் பிரபு அதனை நகையாடினார். அயர்லாந்தில் வாத்தின் கழுத்தில் கயிறு கட்டிப் புகைபோக்கியில் இழுப்பார்கள் என்றும், அது சிறகடிப்பதால் கரி உதிரும் என்றும் அவர் ஒரு கதை சொன்னார். பெரிய வாத்துக்கு அது துன்பம் என்று இரங்குவோர் இரண்டு சிறிய வாத்துகளைப் பயன்படுத்தலாம் என்று கதையை முடித்தார். மசோதா தோற்றது. குழந்தைகளின் உயிரைப் பற்றிய விவாதம் ஒரு வேடிக்கைக் கதையால் முடிவுற்றது என்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

1834 இல் ஒரு சட்டம் வந்தது. பத்து அகவைக்குக் குறைந்தோரைத் தொழிலில் சேர்ப்பதை அது தடுத்தது. 1840 இல் மற்றொரு சட்டம் வந்தது. இருபத்தொரு அகவை நிரம்பாத எவரையும் புகைபோக்கியில் ஏற்றலாகாது என அது திட்டவட்டமாகக் கூறியது. இலண்டனில் ஓரளவு மாற்றம் ஏற்பட்டது. மற்ற நகரங்களில் சட்டம் புறக்கணிக்கப்பட்டது. சட்டத்தைக் காக்க வேண்டிய நீதிபதிகளின் வீடுகளிலேயே சிறுவர் ஏறினர். கருவியோடு வந்த துப்புரவாளரைத் திருப்பி அனுப்பிவிட்டுச் சிறுவரை வைத்திருப்பவரை அழைத்த குடும்பங்கள் இருந்தன. 1863 இல் குழந்தைத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த ஆணைக்குழு இவற்றையெல்லாம் வெளிக்கொணர்ந்தது. அதே ஆண்டில் சார்ல்ஸ் கிங்ஸ்லி, ஏறும் சிறுவன் ஒருவனைத் தலைவனாகக் கொண்ட ‘நீர்க் குழந்தைகள்’ என்னும் கதையை நூலாக வெளியிட்டார். மறு ஆண்டில், ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவின் முயற்சியால் தண்டனைகளைக் கூட்டிப் புதிய சட்டம் ஒன்று நிறைவேறியது. அதுவும் பயன்படவில்லை.

1875 ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். கேம்பிரிட்ஜ் நகருக்கு அருகே ஃபுல்போர்ன் என்னும் ஊரில் உள்ள மருத்துவமனையின் புகைவழியில் ஜார்ஜ் பிரூஸ்டர் என்னும் பதினொரு அகவைச் சிறுவன் ஏற்றப்பட்டான். உள்ளே சிக்கிக்கொண்டான். சுவரை இடித்து அவனை வெளியே எடுத்தனர். சிறிது நேரத்தில் அவன் உயிர் பிரிந்தது. அவனை ஏற்றிய முதலாளிக்கு ஆறு மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. பிரம்புத் தூரிகை கண்டுபிடிக்கப்பட்டு நாற்பத்தேழு ஆண்டுகள் கழிந்திருந்த காலம் அது என்பது ஈண்டு நினைவுகூரத் தக்கது.

ஷாஃப்ட்ஸ்பரி மீண்டும் எழுந்தார். நாளிதழில் மடல்கள் எழுதினார், நாடாளுமன்றத்தில் வாதாடினார். அவ்வாண்டு முடிவதற்குள் புதிய சட்டம் நிறைவேறியது. துப்புரவுத் தொழில் செய்வோர் ஆண்டுதோறும் காவல்துறையிடம் உரிமம் பெற வேண்டும். சட்டத்தை மீறுவோர் உரிமத்தை இழப்பர். 1788 இல் பிரபுக்கள் சபை நீக்கிய அதே உரிம விதி, எண்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின் உயிர்பெற்றது. இம்முறை சட்டம் வேலை செய்தது. ஏறும் சிறுவரின் காலம் முடிவுக்கு வந்தது. பிரூஸ்டர் மறைந்து நூற்றைம்பது ஆண்டுகள் நிறைந்தபோது, 2025 இல் அவன் நினைவாக ஒரு நீலத் தகடு பதிக்கப்பட்டது.

உறிஞ்சும் பொறி

புகைவழியில் தூரிகை வென்றது. ஆயினும் வீட்டினுள்ளே தூசு இருந்தபடியே இருந்தது. துடைப்பமும் தூரிகையும் தூசைப் பெயர்க்கும். பெயர்த்த தூசு காற்றில் எழுந்து மீண்டும் படியும். கூட்டுகிறவரின் மூச்சிலும் அது புகும். தூசை அகற்றும் வேறொரு வழி தேவைப்பட்டது.

1901 ஆம் ஆண்டில் இலண்டனில் ஓர் அரங்கில், அமெரிக்கர் ஒருவர் செய்த புதிய பொறி காட்சிக்கு வைக்கப்பட்டது. அது அழுத்தமான காற்றை ஊதித் தூசைக் கிளப்பி ஒரு பெட்டியில் சேர்க்க முயன்றது. தூசின் பெரும்பகுதி பெட்டியில் விழாமல் மீண்டும் அறையிலேயே படிந்தது. அதனைக் கண்டவர்களுள் ஹியூபர்ட் செசில் பூத் என்னும் பொறியாளரும் ஒருவர். பொழுதுபோக்குத் திடல்களில் சுழலும் பெருஞ்சக்கரங்களை அமைப்பதில் ஈடுபட்டவர் அவர். ‘ஊதுவதற்குப் பதிலாக ஏன் உறிஞ்சக்கூடாது?’ என்ற எண்ணம் அவருக்கு எழுந்தது. ஓர் உணவகத்தில் அமர்ந்திருந்தபோது, மெத்தை நாற்காலியின்மேல் கைக்குட்டையை வைத்து, வாயை அதன்மேல் அழுத்தி உறிஞ்சிப் பார்த்தார். தூசு தொண்டையை அடைத்தது. ஆனால் கைக்குட்டையின் மறுபக்கத்தில் வட்டமாகப் படிந்திருந்த அழுக்கு, அவர் எண்ணம் சரி என்பதைக் காட்டியது. துணி தூசைத் தடுக்கும், காற்றைவிடும். உறிஞ்சும் வாய் தூசின்மேலேயே இருந்தால் தூசு தப்பாது.

அவ்வாண்டு ஆகஸ்டு 30 ஆம் நாள் அவர் காப்புரிமைக்குப் பதிவு செய்தார். அவருடைய பொறி மிகப் பெரியது. குதிரை வண்டியில் ஏற்றித் தெருவில் நிறுத்தப்பட்டது. அதிலிருந்து நீண்ட குழாய்கள் சன்னல் வழியே வீட்டினுள் சென்றன. பொறி வெளியே, உறிஞ்சும் வாய் மட்டும் உள்ளே. இந்தப் பிரிவினையே பிற்காலத் துணைக்கருவிகள் அனைத்துக்கும் அடிப்படை. குழாய் நீளுமானால், முனையில் எந்த வடிவத்தையும் பொருத்தலாம். 1902 இல் ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழாவுக்கென வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் விரித்த கம்பளங்கள் இப்பொறியால் தூய்மை செய்யப்பட்டன.

பூத்தின் பொறி செல்வர்க்கே எட்டியது. அதனை எளிய இல்லங்களுக்கு ஏற்றதாக்க வழிகோலியவர், கையில் துடைப்பம் பிடித்த ஒரு தொழிலாளி ஆவார். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் கேன்டன் நகரில், ஜேம்ஸ் மரே ஸ்பேங்லர் என்பவர் ஒரு கடையில் துப்புரவு வேலை செய்து வந்தார். அறுபதை நெருங்கிய அவருக்கு ஈளை நோய் இருந்தது. கம்பளத்தைக் கூட்டும்போது எழும் தூசு அவர் மூச்சை வாட்டியது. 1907 இல் மின்விசிறியின் மோட்டார், ஒரு பெட்டி, துடைப்பத்தின் கைப்பிடி, தலையணை உறை ஆகியவற்றைக் கொண்டு அவர் ஒரு சிறு பொறியைச் செய்தார். தூசு தலையணை உறையில் தங்கியது. 1908 சூன் 2 ஆம் நாள் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. தோற்பொருள் உற்பத்தி செய்த வில்லியம் ஹூவர் அவ்வுரிமையை வாங்கி, ஸ்பேங்லரையும் தம்முடன் சேர்த்துக்கொண்டு, பொறியை உலகெங்கும் பரப்பினார்.

1921 இல் சுவீடனின் எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் வேறொரு வடிவத்தைக் கொணர்ந்தது. உருளை வடிவான பொறி, சறுக்குக் கட்டைகளின்மேல் தரையில் கிடந்தது. வளையும் குழாய் ஒன்று அதிலிருந்து நீண்டது. பொறியை இழுத்துக்கொண்டே குழாயை மேலும் கீழும் நீட்டிப் படிக்கட்டின் மூலையையும், கட்டிலின் அடியையும், அலமாரியின் பின்புறத்தையும் தூய்மை செய்ய முடிந்தது. பூத் தெருவில் நிறுத்திய வண்டியும் குழாயும் சுருங்கி அறைக்குள் வந்துவிட்டன எனலாம். அக்குழாயின் நுனியில் செருகப்படும் தட்டையான ஒடுங்கிய முனையே இக்கட்டுரையின் தொடக்கத்தில் கூறப்பட்ட சிறு பொருளாகும்.

முடிவுரை

இவ்வரலாறு உணர்த்தும் உண்மைகள் சில உள. கருவி கண்டுபிடிக்கப்படுவதால் மட்டும் மனிதன் விடுதலை பெறுவதில்லை. ஸ்மார்ட்டின் கருவி பிறந்த நாளுக்கும் கடைசிச் சிறுவர் புகைபோக்கியிலிருந்து இறங்கிய நாளுக்கும் இடையே ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் உள்ளன. அவ்வெழுபது ஆண்டுகளாகத் தூரிகை மூலையில் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. சிறுவனோ புகைவழியில் இருந்தான். அறிவு செய்ய வேண்டியதைச் செய்து முடித்திருந்தது. அதனை ஏற்கும் மனமும், சட்டத்தைக் கண்காணிக்கும் ஏற்பாடும் மட்டுமே குறைவாக இருந்தன.

மற்றோர் உண்மை, கொடுமையைச் செய்தவர்கள் யார் என்பது. கொடிய முதலாளிகள் சிலர் இருந்தனர், ஐயமில்லை. ஆனால் அவர்களை வேலைக்கு அழைத்தவர்கள் நல்ல குடும்பத்தினர். கம்பளம் அழுக்காகக் கூடாதே என்று கவலைப்பட்டவர்கள். தம் வீட்டின் தூய்மையை விரும்பிய அவர்கள், அத்தூய்மைக்கு விலை கொடுப்பவர் யார் என்று எண்ணிப் பார்க்கவில்லை. ஸ்பேங்லர் எண்ணிப் பார்த்தார். காரணம், அவரே அந்த விலையைத் தம் மூச்சால் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இங்கிலாந்தில் 1870 இல் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. 1880 இல் பத்து அகவை வரை பள்ளிக்கு வருவது கட்டாயமாயிற்று. இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் நடுவே அமைந்ததுதான் 1875 ஆம் ஆண்டின் துப்புரவுச் சட்டம். புகைவழிக்குள் தூரிகை நுழைந்த அதே காலத்தில், வகுப்பறைக்குள் பிள்ளை நுழைந்தான். ஆசிரியர்கள் இவ்வாண்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவார்களாயின், ஒரு குழந்தை பள்ளியில் அமர்ந்திருப்பதற்குப் பின்னே எத்தனை பேரின் உழைப்பு உள்ளது என்பதை மாணவர் உணர்வர்.

தூய்மை போற்றத்தக்கது. ஆயினும் சுவர் கரியை நீக்குவதற்கு ஒரு சிறுவனின் நுரையீரலைக் கரியாக்குவது தூய்மையன்று. இடுக்கில் நுழைய ஒரு கோலோ குழாயோ இருக்கும்போது, அங்கே ஒரு பிள்ளையை அனுப்பும் சமுதாயம், தன் வீட்டை எவ்வளவு துடைத்தாலும் தூய்மை பெற்றதாகாது.